கலைமதி ஆறாவது படித்த இடம்

ஆரோக்கிய மாதா துணை

கூட்டேரிப்பட்டு
24-8-2025, ஞாயிறு

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதுவது.

பூசை முடிந்து வந்து மீன் குழம்பை இறக்கி வைத்துவிட்டு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அதேபோல ராஞ்சியில் நீயும் உன்னோடு பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளும் உங்கள் மதரும் சுகமாக இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். பயிற்சி முடியும் வரை போன் தொடக்கூடாது என்கிற உங்கள் மடத்துச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை, ஆனால் இந்த மூன்று மாதமும் எத்தனையோ தடவை உன் நம்பரை எடுத்து எடுத்துப் பார்த்தேன். யோசித்தால் அதுவும் நல்லதற்குத்தான். போன் இருந்திருந்தால் தினமும் உன்னிடம் அழுது உன் ஜெபத்தையும் கெடுத்திருப்பேன். இப்போது எல்லாம் முடிந்து மனசு லேசான பிறகு உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன். முதலில் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பயந்துகொண்டே படிப்பாய். உன் தங்கை கலைமதி காலேஜில் சேர்ந்துவிட்டாள். கோயம்புத்தூரில் அரசாங்க இன்ஜினியரிங் காலேஜ், சிவில். படிப்புக்கும் ஹாஸ்டலுக்கும் நாம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. போன வாரம்தான் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். இனி நடந்ததை ஒன்றொன்றாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படி.

நீ கிளம்பிப் போனபோது அவள் பதினொன்றாவதில் இருந்தாள், பன்னிரண்டாவது எப்படிப் போனது என்று உனக்குத் தெரியாது. தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து ஆறரை பஸ்ஸில் திண்டிவனம் போய்விடுவாள், ஸ்பெஷல் கிளாஸ். நான் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு ரோட்டில் நிற்கும்போது அவள் எதிர்ப்பக்கம் நிற்பாள், பைபாஸில் லாரி போகிற இடைவெளியில் ஒருத்திக்கொருத்தி கையை ஆட்டிக்கொள்வோம், நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே பாதி நாள் அவ்வளவுதான். அரையாண்டுப் பரீட்சையில் பிசிக்ஸில் முப்பத்தொரு மார்க். அந்தத் தாளை என்னிடம் காட்டாமல் அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தாள், அரிசி அளக்கும்போது என் கைக்கு வந்துவிட்டது. நான் திட்டவில்லை, எனக்கு அதில் திட்டுவதற்கு என்ன தெரியும். அவளே மறுநாள் பீரோ கதவு உள்பக்கம் முழுக்க பார்முலா எழுதி ஒட்டினாள். உன் அப்பா சட்டை எடுக்கக் கதவைத் திறந்துவிட்டு என்னிடம், "இன்னா ஜெசி இது, பேய் பிசாசு ஓட்டற மந்திரமாட்டம் கீது" என்றார். "மந்திரந்தாம்பா, எனக்குப் பிசிக்ஸ் பேயி ஓடணும்" என்றாள் அவள். மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய்கிற சமயத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் கூலிக்குப் போனார்கள், இவளையும் கூப்பிட்டார்கள், நான்தான் அனுப்பவில்லை. மே மாதம் ரிசல்ட் வந்தது. கணக்கில் தொண்ணூற்றிரண்டு, கெமிஸ்ட்ரியில் எண்பத்து மூன்று, அந்தப் பேய் பிடித்த பிசிக்ஸில் எழுபத்தெட்டு. கட் ஆஃப் நூற்று எழுபத்திரண்டரை என்று அவளே கணக்குப் போட்டுச் சொன்னாள். இருநூற்றுக்கு அது நல்ல மார்க்கா கெட்ட மார்க்கா என்று எனக்குத் தெரியாமல் அவள் முகத்தைப் பார்த்தேன், சிரித்தாள், அதன் பிறகுதான் நானும் சிரித்தேன்.

அவள் ஸ்கூலில் புகழேந்தி சார் என்று கெமிஸ்ட்ரி வாத்தியார், காலேஜ் விண்ணப்ப வேலையெல்லாம் அவர் பொறுப்பு. பிள்ளைகளை லேபில் வரிசையாக உட்காரவைத்து கம்ப்யூட்டரில் அவரே பதிந்து கொடுத்தார். ஜாதிச் சான்றிதழ், வருமானம், இருப்பிடம் என்று ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்துக்கு அலைந்தது உன் அப்பாதான், மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கிவிட்டு அதே அழுக்குச் சட்டையோடு போய் நின்றிருக்கிறார். எல்லாம் ஏறிவிட்டது, இனி ரேங்க் வரவேண்டியதுதான் என்று இருந்தபோது ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சார் என்னை நேரில் வரச் சொன்னார். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசாங்கப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு ஏழரை சதவீத இடம் தனியாக இருக்கிறது, அதில் இடம் கிடைத்தால்தான் செலவெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், அது இல்லாவிட்டால் இவள் மார்க்குக்குப் பொதுவில் எங்கேயாவது தனியார் காலேஜ்தான் கிடைக்கும், அதை நாம் நினைத்துப் பார்க்கவும் முடியாது. அந்த ஏழரைக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளி என்று வருஷா வருஷம் காட்ட வேண்டும். சார் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "ஏம்மா, பாப்பா ஆறாவது எங்கம்மா படிச்சிது? ஜனவரியோட உங்க ஊர் ஸ்கூல்ல பேரு எடுத்திருக்காங்க. ஜூன்ல ஏழாவதுல புதுசா சேர்த்த மாரி காட்டுது. நடுவுல அஞ்சு மாசம் எங்க இருந்துச்சின்னு மேல கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றார். வெள்ளிக்கிழமை சாயந்திரத்தோடு சான்றிதழ் சரிபார்ப்பு முடிகிறது, அதற்குள் அந்த அஞ்சு மாதத்துக்கு ஒரு தாள் வேண்டும் என்றார். நம் ஊர் ஸ்கூலில் கேட்டோம், அப்போது கொண்டுவந்து கொடுத்த தாள் இருந்த கோப்பு மழையில் நனைந்து போய்விட்டது என்று கையை விரித்துவிட்டார்கள்.

இசைவாணி, இந்த இடத்தில் உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் நீ சிஸ்டர்கள் போர்டிங்கில் இருந்தாய். மழை இல்லாமல் கொல்லியில் நடவு, களை என்று ஒரு வேலையும் கிடைக்காமல் போய், பொங்கல் முடிந்த கையோடு நாங்கள் செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளைக்குக் கல் அறுக்கப் போனோம், அதுவரைக்கும் உனக்குத் தெரியும். கலைமதியை அங்கே போன அன்றைக்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டோம் என்று உனக்குச் சொன்னேன். அது பொய். நான் சேர்க்கவில்லை. அறுத்துப் போட்ட கல்லை வெயிலில் திருப்பி வைக்க ஆள் வேண்டியிருந்தது, அது பிள்ளைகள் செய்கிற வேலை, சூளையில் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் செய்தார்கள். "இந்த வருசம் போனா போவுது, அடுத்த வருசம் படிச்சிக்கலாம்" என்று நான்தான் அவளிடம் சொன்னேன். உன் அப்பாகூட ஒரு தடவை கேட்டார், நான்தான் வாயை அடைத்தேன். அவள் விடிவதற்கு முன்னால் எழுந்து எங்களோடு வந்து கல்லைத் திருப்பி வைப்பாள். மாசி மாதம் வாக்கில் காலை எட்டு எட்டரைக்கெல்லாம் தன் பங்கு வேலையை முடித்துவிட்டு ஆளைக் காணோம். பக்கத்துக் குடிசையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். சித்திரையில் ஒரு நாள் கையில் ஒரு தாளைக் கொண்டுவந்து, ஆறாவது பாஸ், இதை நம் ஊர் ஸ்கூலில் கொடுக்க வேண்டும் என்றாள். யாரோ டீச்சர் சூளைக்கு வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன், அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் என் தப்பு வெளியே வரும் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது. ஆறு வருஷம் கழித்து அந்தத் தப்பு புகழேந்தி சார் கம்ப்யூட்டரில் வந்து நின்றது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவே இல்லை.

வியாழக்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு நானும் அவளும் கிளம்பினோம். செங்கல்பட்டு போய் இறங்கி டவுன் பஸ் மாறி, அந்தச் சூளை இருந்த ஊருக்குப் போனோம். வழி முழுக்க அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள், இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்கிற பயம் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை. போய்ப் பார்த்தால் சூளையே இல்லை. மண்ணைச் சமப்படுத்தி மஞ்சள் கல் நட்டு பிளாட் போட்டிருக்கிறார்கள். நாங்கள் குடிசை போட்டிருந்த இடம் எது என்றே எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் மட்டும் இருந்தது, பெயின்ட் புதிதாக அடித்திருந்தார்கள். அம்சவள்ளி என்று தலைமை ஆசிரியை, இரண்டு வருஷத்துக்கு முன்தான் அங்கே வந்தவர்கள், அப்போதிருந்த ஆசிரியர்கள் ஒருவரும் இப்போது இல்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு பீரோவைத் திறந்து அந்த வருஷத்துக் கட்டை எடுத்து, நம் ஊரில் பெயர் எடுத்தது ஜனவரியில் என்பதால் ஜனவரி மாதச் சேர்க்கையெல்லாம் பார்த்தார்கள், கலைமதி பெயர் இல்லை. இரண்டாம் தடவையும் பார்த்தார்கள், இல்லை. "நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா, இந்த ஸ்கூல்தானா? பக்கத்துல ஒரு தனியார் ஸ்கூலும் இருக்கு" என்று கேட்டபோது நான் திரும்பி மகளைப் பார்த்தேன். கலைமதி குனிந்த தலை நிமிரவில்லை.

அந்த நேரத்தில் சத்துணவுக் கூடத்திலிருந்து சாவி கேட்டு ஒரு அம்மா வந்தார்கள், கெங்கம்மாள் என்று பேர், இருபது வருஷமாக அங்கே சமைக்கிறவர்கள். கலைமதியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். கிட்டே வந்து அவள் கையைப் பிடித்துத் திருப்பி விரலைப் பார்த்தார்கள். "யம்மா, இது சூளைப் பொண்ணு இல்ல? நகத்துல செம்மண்ணோட வரும் டீச்சர். நேரா குழாய்க்குப் போயி கல்லால தேச்சித் தேச்சிக் கழுவிக்கினுதான் நோட்டையே தொடும். சோத்துக்குக் கூடக் கடைசியிலதான் வந்து நிக்கும்" என்றார்கள். எனக்கு அவர்கள் காலில் விழலாம் போல இருந்தது. தலைமை ஆசிரியை, ஜனவரியில் பெயர் இல்லையே என்றார்கள். அதற்கு கெங்கம்மாள், "ஜனவரியில எங்க வந்துச்சி, மாசி மகம் கழிச்சி வந்துச்சி" என்றார்கள். அப்போதும் நான் விடாமல், எந்த டீச்சர் சூளைக்கு வந்து கூட்டிப்போனது, அவர்கள் பெயர் சொன்னால் உதவியாக இருக்கும் என்று கேட்டேன். கெங்கம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "யாரும் போயி கூட்டிக்கினு வரலம்மா. அதுவாதான் வந்துச்சி. மூணு நாளு கேட்டாண்ட வந்து வந்து நின்னுச்சி. நாலாம் நாளு பெரிய டீச்சராண்ட போயி, என்னியும் சேத்துக்குங்கன்னு கேட்டுச்சி" என்றார்கள். நான் கலைமதியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரிக் கட்டில் தேடினார்கள், உடனே கிடைத்தது. இருபத்தைந்தாம் தேதி, திங்கட்கிழமை, பி. கலைமதி, ஆறாம் வகுப்பு. சேர்க்கை விண்ணப்பத்தை எடுத்து மேஜை மேல் வைத்து, பெற்றோர் கையொப்பம் என்கிற இடத்தைக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானம்மா?" என்று தலைமை ஆசிரியை கேட்டார்கள். ஜெசிந்தா பிரான்சிஸ் என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது. இசைவாணி, நான் என்றைக்காவது உன் அப்பா பெயரைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேனா? கட்டுரை நோட்டில் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்துக்கும் இடம் விட்டு, கோடு தாண்டாமல், பதினோரு வயசுப் பிள்ளை எழுதியிருந்தது. கலைமதி பஸ்ஸில் நகம் கடித்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒரு நிமிஷத்தில் தாள் கையில் வந்துவிடும். இல்லை என்றால் எல்லாமே கெட்டுப் போகலாம். ஆனால் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு அதை நான் போட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சேர்க்காமல் விட்ட நான், அவள் போட்ட கையெழுத்தையும் எனதென்று எடுத்துக்கொள்வதா? "இல்லீங்க டீச்சர். எம் பொண்ணு போட்டது. அன்னிக்கி நான் சூளையில இருந்தேன். என்னாண்ட கேட்டா உடமாட்டேன்னு அதுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்கள். பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்து விரலை வைத்து எண்ணினார்கள். பள்ளி நடந்த முப்பத்து நான்கு நாளில் முப்பத்து மூன்று நாள் வந்திருக்கிறாள். முழு ஆண்டுப் பரீட்சை மார்க்கும் இருந்தது. "படிச்சது அரசுப் பள்ளி, பரீட்சை எழுதுனது அரசுப் பள்ளி. அதுக்கு நான் கையெழுத்து போடுறேன். நடுவுல ஒரு மாசம் எங்கயும் படிக்கலன்னா படிக்கலன்னே எழுதறேன், அது தப்பில்ல. உங்க கையெழுத்துப் பேச்சு உங்க வீட்டுப் பேச்சும்மா" என்று சொல்லிவிட்டு அங்கேயே தாளை எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். அந்த மகராசி எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், உன் ஜெபத்தில் அவர்களையும் கெங்கம்மாளையும் சேர்த்துக்கொள்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்ததும் கலைமதி மெதுவாக, "திட்டப் போறியாமா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதுகொண்டே சிரித்தேன், அங்கே நின்றிருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது. டீச்சர் விண்ணப்பத்தைக் கொடுத்து அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்களாம், அடுக்கி வைத்த கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து மண்ணில் நாலு தடவை எழுதிப் பார்த்துவிட்டு தாளில் எழுதினாளாம். ஒரு நாள் மட்டும் போகாதது ஏன் என்று கேட்டேன். "அன்னிக்கு உனக்குக் காய்ச்சல்மா. உன் பங்குக் கல்லையும் நாந்தான் திருப்புனேன், மறந்துட்டியா" என்றாள். எனக்கு ஞாபகமே இல்லை. அவளைப் பக்கத்தில் இழுத்து, தப்பு என்மேல்தான் என்று சொன்னேன். அம்மாவாக இருந்து அந்த வார்த்தையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்திருந்தேன், சொன்ன பிறகு மார்பிலிருந்து ஒரு பாரத்தை இறக்கின மாதிரி இருந்தது. அவள் பெரிய மனுஷி மாதிரி, "சரி உடும்மா, பஸ் வந்துடிச்சி, ஜல்தி ஏறு" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புகழேந்தி சாரே அந்தத் தாளை ஏற்றி, விழுப்புரம் மையத்துக்கும் போன் போட்டுப் பேசினார். சாயந்திரம் நாலு மணிக்கு எல்லாம் சரி என்று மெசேஜ் வந்தது. அதற்குப் பிறகு ரேங்க் வந்து, எந்தெந்தக் காலேஜ் வேண்டும் என்று வரிசையாகப் பதிகிற நாள் வந்தது. எனக்கு விழுப்புரம் காலேஜ்தான் ஆசை, இல்லாவிட்டால் திண்டிவனம், காலையில் பஸ் ஏறி சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு பெண்ணை ராஞ்சிக்கு அனுப்பிவிட்டு இருக்கிறவள் இன்னொன்றாவது கண்ணுக்கு எதிரே இருக்கட்டும் என்று நினைப்பது தப்பா? அவளிடம் முன்னாலேயே சொல்லியும் வைத்திருந்தேன். அவள், "நீ சொன்னத போட்டிருக்கேம்மா, ஆனா நாலாவதா" என்றாள். முதலில் சென்னை, இரண்டாவது கோயம்புத்தூர், மூன்றாவது சேலம். வீடூர் டேமைப் பார்க்க ஸ்கூலில் கூட்டிக்கொண்டு போனதிலிருந்து அவளுக்கு அந்த ஷட்டர், வாய்க்கால், தண்ணீர்க் கணக்கு இதிலேதான் பைத்தியம், அதற்கு சிவில்தான் படிக்க வேண்டுமாம். பழைய நானாக இருந்தால் ஒரு சண்டை போட்டிருப்பேன். வாயைத் திறக்கப் போனேன், உன் அப்பா, "பதினோரு வயசுல தானா போயி சேர்ந்த பொண்ணு. இப்ப நீ குறுக்க நின்னு இன்னா ஆவப்போவுது" என்றார். அந்த நேரத்தில் அந்தக் குண்டு எழுத்து என் கண் முன்னால் வந்தது. உன் இஷ்டம் போலப் போடு என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். கவுன்சிலிங் இரண்டாவது சுற்றில் இடம் வந்தது. அன்றைக்கு நான் கம்பெனியில் இருந்தேன், போனை வாசல் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும், டீ நேரத்தில் வந்து பார்த்தால் பதினொரு மிஸ்டு கால். உன் அப்பாவுக்கு மூட்டை ஏதும் விழுந்துவிட்டதோ என்று உடனே திருப்பிப் போட்டேன், கலைமதி எடுத்தாள், அழுகைதான் கேட்கிறது, வார்த்தை வரவில்லை. உன் அப்பா போனைப் பிடுங்கி, "கெடச்சிடிச்சி ஜெசி, கோயமுத்தூரு, நீ கேட்ட மாரி எதுவும் கட்ட வாணாம்" என்றார். நான் அப்படியே ஷூ பெட்டி அடுக்கின இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் பக்கத்து மிஷின்காரி தண்ணீர் தெளிக்க ஓடி வந்தாள். லைன் நிற்கிறது என்று கத்திக்கொண்டு வந்த சூப்பர்வைசர் தம்பி, விஷயம் கேட்டதும் என் மிஷினில் தானே உட்கார்ந்து பத்து நிமிஷம் சோல் ஒட்டினான். பாதி கோணல், அது வேறு கதை.

சேர்க்கிற நாளுக்கு முதல் நாள் விடிகாலையில் விழுப்புரம் போய், பாண்டியிலிருந்து வருகிற கோயம்புத்தூர் பஸ்ஸைப் பிடித்தோம். கள்ளக்குறிச்சி தாண்டியதும் உன் அப்பா தூங்கிவிட்டார், அவள் தூங்கவே இல்லை, எங்கே ஏரி வந்தாலும் எட்டிப் பார்த்தாள். உங்கள் சபை சிஸ்டர்கள் அங்கே எங்களைத் தங்கவைத்து, மறுநாள் காலையில் இட்லி கொடுத்து அனுப்பினார்கள், உன் பெயரைச் சொன்னதற்கே அவ்வளவும், உங்கள் மதருக்கு என் நன்றியைச் சொல். காலேஜில் ஒரு சங்கடமும் இல்லை. தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள், அந்தச் சூளை ஊர்ச் சான்றிதழ் வரும்போது நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன், அவர்கள் பார்த்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். ஹாஸ்டலில் அவள் அறையில் இருக்கிற பெண் அஸ்வினி, நம் விழுப்புரம் பக்கத்து அனந்தபுரத்துப் பிள்ளை. அவளும் அவள் அம்மாவும் பேச ஆரம்பித்ததுமே நம் பக்கத்துப் பேச்சு என்று தெரிந்துவிட்டது, எனக்குப் பாதி கவலை அங்கேயே தீர்ந்தது. பெட்டியை வைத்துவிட்டு, பக்கெட்டு கப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். நானும் அழவில்லை, அவளும் அழவில்லை. உன் அப்பாதான் கேட்டுக்கு வெளியே போய், தண்ணீர் டேங்கைப் பார்க்கிற மாதிரி ரொம்ப நேரம் அண்ணாந்து நின்றிருந்தார். திரும்பி வந்து படுத்தவள்தான், மறுநாள் வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் எழுந்தேன். எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித் தூங்கினதே இல்லை.

தங்கை கதை இதோடு முடிந்தது. இனி உன்னைப் பற்றி. நீ மடத்துக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று, உன் தங்கையாவது மேலே படிக்கட்டும் என்றும் ஒரு வார்த்தை சொன்னாய். நான் அந்த வார்த்தையைக் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டேன், சாமி கூப்பிடுகிறார் என்று நீ சொன்னதை மட்டும் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். கலைமதியிடம் எதையும் கேட்காமல் இருந்தேன், கடைசியில் யாரோ ஒரு அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உன் விஷயத்தில் அப்படி ஆகக்கூடாது என்று இப்போது நேராகவே கேட்கிறேன். நீ அங்கே போனது உன் ஆசைக்குத்தானா, இல்லை வீட்டு நிலைமையைப் பார்த்தா? டிசம்பரில் முதல் வார்த்தைப்பாடு கொடுத்து சிஸ்டர் ஆவேன் என்று எழுதியிருந்தாய். உன் மனசு நிறைந்துதான் அதைக் கொடுக்கிறாய் என்றால் நானும் அப்பாவும் எப்படியாவது ரயில் ஏறி வந்து முன் வரிசையில் உட்காருவோம். அப்படி இல்லை, நீயும் படிக்க வேண்டும் என்று ஒரு மூலையில் ஆசை இருந்தால் அதையும் எழுது, பயப்படாதே, ஊர் என்ன சொல்லும் என்று நினைக்காதே. உங்கள் மதர் இந்தக் கடிதத்தைப் படித்தாலும் பரவாயில்லை, அவர்களும் ஒரு அம்மா பெற்ற பிள்ளைதானே, கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நீ எந்தப் பதில் எழுதினாலும் இந்த வீட்டில் யாருக்கும் வருத்தம் இல்லை. கேட்டதற்கு மட்டும் உண்மையாக எழுது, எனக்காக நல்லதாக மாற்றி எழுதாதே.

அங்கே குளிர் சீக்கிரம் ஆரம்பித்துவிடும் என்றாய், ஸ்வெட்டரைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள். இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே, வெறும் வயிற்றில் போடாதே. கலைமதி ஹாஸ்டல் விலாசம் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், அவளுக்கும் நாலு வரி எழுது, அக்கா கடிதம் என்றால் அவளுக்கு உயிர். மாதம் ஒரு கடிதம்தான் உனக்கு அனுமதி என்று தெரியும், இந்த மாதக் கடிதம் எனக்கு வேண்டாம், அவளுக்கே போகட்டும், அடுத்த மாதம் என் கேள்விக்கு யோசித்துப் பதில் எழுது. சேசுவும் மாதாவும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், நீ எடுத்து வைக்கிற அடி எந்தப் பக்கம் என்றாலும் நல்ல அடியாக இருக்கட்டும். அப்பா தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன், பக்கத்தில் நின்று நான் எழுதுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அம்மா
ஜெசிந்தா